எல்லா ஜன்னலிலும் கிரில், ஒரே படிக்கட்டு: தீப்பிடித்தால் வீட்டை விட்டு எப்படி வெளியேறுவது?

கேள்வி இதுதான்: சென்னையில் கீழே பார்க்கிங், மேலே நான்கு மாடி, எங்கள் வீடு மூன்றாவது மாடியில். நானும் கணவரும், 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், முட்டி வலியால் மெதுவாக நடக்கும் மாமியார். எல்லா ஜன்னலுக்கும் பால்கனிக்கும் கிரில் போட்டிருக்கிறோம். கட்டடத்துக்கு ஒரே படிக்கட்டு. ராத்திரி தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவது, எதிலிருந்து யோசிக்க ஆரம்பிப்பது?

சாவியிலிருந்து ஆரம்பியுங்கள். தீயணைப்பான் வாங்குவது, அலாரம் மாட்டுவது எல்லாம் அப்புறம். கட்டடங்களில் தீ பாதுகாப்பு ஆய்வு செய்வது என் வேலை. யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது, "ராத்திரி படுக்கும்போது இந்தக் கதவு எப்படிப் பூட்டியிருக்கும்?" என்பதைத்தான். பெரும்பாலும் மரக்கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், நடுவில் பூட்டு, அதற்கு வெளியே இரும்பு கேட், அந்த கேட்டுக்கு ஒரு தொங்குபூட்டு என்று இருக்கும். சாவி எங்கே என்று கேட்டால் வீட்டுக்காரர் மனைவி முகத்தைப் பார்ப்பார். ஃப்ரிட்ஜ் மேல், சாமி அலமாரியில், நேற்றுப் போட்ட பேன்ட் பாக்கெட்டில் என்று மூன்று பதில் வரும். திருடன் வரக்கூடாது என்பதை மட்டும் யோசித்துக் கட்டிய வீடுகள் இவை. உள்ளே இருப்பவர் அவசரத்தில் வெளியே வர வேண்டியிருக்கும் என்று கொத்தனாரும் யோசிக்கவில்லை, கிரில் போட்டவரும் யோசிக்கவில்லை, பணம் கொடுத்த நாமும் யோசிக்கவில்லை.

தினமும் திறக்கிற பூட்டுதானே, தடவித் திறந்துவிடலாம் என்று தோன்றும். கரண்ட் போய், புகையில் கண் எரிந்து, பின்னால் குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது ஒரு சாவிக்கொத்தில் சரியான சாவியைத் தேடிப் பாருங்கள், தெரியும். இதைச் சும்மா சொல்லவில்லை, இன்று ராத்திரியே எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, படுக்கையிலிருந்து எழுந்து வாசல் கதவைத் திறந்து வெளியே போய் நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அந்த நேரத்தைக் குறைப்பதுதான் உங்கள் திட்டத்தில் பாதி வேலை.

எவ்வளவு குறைக்க வேண்டும்? அமெரிக்காவில் பொருட்களின் பாதுகாப்பைச் சோதிக்கிற யூஎல் (UL) ஆய்வகத்தார் இரண்டு அறைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எரித்துப் பார்த்திருக்கிறார்கள். பழைய காலத்து மரச்சாமான், பருத்தித் துணி இருந்த அறை முழுவதும் பற்றிக்கொள்ள அரைமணி நேரத்தை ஒட்டி ஆனது. இன்றைய ஃபோம் சோபா, பாலியெஸ்டர் திரைச்சீலை இருந்த அறை 5 நிமிடத்துக்குள் முழுசாகப் பற்றிக்கொண்டது. அதற்கு முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும். வீட்டுத் தீயில் உயிரை எடுப்பது பெரும்பாலும் நெருப்பு இல்லை, புகைதான். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, தலை சுற்றி, குழப்பம் வந்து, கால் தளர்ந்துவிடும். மெத்தையும் சோபாவும் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்து வரும். ஆக, தீ தெரிந்த பிறகு உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

வாசனை வந்தால் முழிப்பு வந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். தூங்குகிறவரை மூக்கு எழுப்பாது, காதுதான் எழுப்பும்.

2025 மே 18 அன்று காலையில் ஹைதராபாத்தில், சார்மினார் பக்கத்து குல்சார் ஹவுஸ் பகுதியில் நடந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். கீழே கடைகள், மேலே வீடு. அங்கே பிடித்த தீயில் உறவுக்காரர்கள் 17 பேர் இறந்துவிட்டார்கள், அதில் 8 பேர் குழந்தைகள். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒடுக்கமான ஒரே வழி, ஒரே படிக்கட்டு. அந்தக் கட்டடத்தின் படத்தைப் பார்த்தபோது நம்ம ஊரில் சௌகார்பேட்டையிலும் மதுரை மாசி வீதிகளிலும் இருக்கிற எத்தனையோ வீடுகள் எனக்கு நினைவுக்கு வந்தன. உங்களுடைய ஒரே படிக்கட்டு அபார்ட்மென்டும் அந்த வகையிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை.

சரி, வாசல் கதவுக்கு வருவோம். மரக்கதவின் பூட்டு உள்பக்கம் சாவி இல்லாமல் குமிழைத் திருகினால் திறக்கிற வகையாக இருக்க வேண்டும். உள்ளேயும் சாவி போட்டுத் திறக்கிற பூட்டு இருந்தால் மாற்றிவிடுங்கள், பெரிய செலவு இல்லை. இரும்பு கேட்டுக்கு ராத்திரி தொங்குபூட்டு போட்டே ஆக வேண்டும் என்றால், அதன் சாவிக்கு ஓர் ஆணி அடியுங்கள், கதவுக்குப் பக்கத்துச் சுவரில், வெளியிலிருந்து கை விட்டால் எட்டாத தூரத்தில், ஆனால் உங்கள் 9 வயதுப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில். அந்தச் சாவி அந்த ஆணியைத் தவிர வேறெங்கும் போகக்கூடாது. சாவிக்கொத்தில் சேர்க்கக்கூடாது. இன்னொரு சாவி உங்கள் தலையணைப் பக்கம் டார்ச்சோடு இருக்கட்டும். இன்னும் நல்லது, பூட்டே இல்லாமல் உள்ளிருந்து மட்டும் தள்ளித் திறக்கிற தாழ்ப்பாள் வைத்து கேட்டை மாற்றுவது, கிரில் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள்.

கிரில் விஷயத்தில் நிறையப் பேர் கேட்பது, "மூன்றாவது மாடியில் கிரிலைத் திறந்து என்ன செய்யப்போகிறோம், குதிக்கவா முடியும்?" என்று. குதிக்கச் சொல்லவில்லை, தயவுசெய்து குதிக்காதீர்கள். மூச்சுக்குக் காற்று வேண்டும், கீழே இருப்பவர்களுக்கு நீங்கள் தெரிய வேண்டும், தீயணைப்புக்காரர்கள் ஏணி வைத்து ஏறி வந்தால் உங்களை அந்த வழியாக இறக்க முடிய வேண்டும். கிரிலை அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றால் அதற்கு ஆகிற நேரம் உங்கள் நேரத்திலிருந்து போகிறது. அதனால் தெருவைப் பார்த்த பால்கனியிலோ, தெருப்பக்க பெட்ரூம் ஜன்னலிலோ ஒரு பகுதி மட்டும் கீல் வைத்துத் திறக்கிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். 2 அடி அகலம், 3 அடி உயரம் இருந்தால் பெரியவர் ஒருவர் நுழையலாம். வீட்டில் 4 வயதுக் குழந்தை இருப்பதால் தாழ்ப்பாள் உயரத்தில், அழுத்தித் தூக்கி இழுத்தால்தான் திறக்கிற மாதிரி இருக்கட்டும். தொங்குபூட்டு போட்டு சாவியைத் தொலைப்பதைவிட இது மேல். மழைக்காலத்துக்கு அப்புறம் ஒருமுறை திறந்து பாருங்கள், துருப்பிடித்து இறுகியிருக்கும், சென்னைக் கடற்காற்று சும்மா விடாது.

இப்போது முக்கியமான இடம். உங்கள் திட்டம் ஒன்று இல்லை, இரண்டு. தீ உங்கள் வீட்டுக்குள்ளே பிடித்தால் ஒன்று, வெளியே படிக்கட்டிலோ பார்க்கிங்கிலோ பிடித்தால் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் ஆபத்து, ஏனென்றால் முதலாவதில் உடனே ஓட வேண்டும், இரண்டாவதில் பல சமயம் ஓடவே கூடாது.

வீட்டுக்குள் தீ என்றால் எல்லோரும் வெளியே, கடைசியாக வருகிறவர் வாசல் கதவைச் சாத்திவிட்டு வர வேண்டும். பூட்ட வேண்டாம், சாத்தினால் போதும். திறந்து போட்டுவிட்டு ஓடினால் புகை படிக்கட்டுக்குள் வந்து நான்காவது மாடிக்காரரின் வழியை அடைத்துவிடும், உள்ளே புதுக் காற்று போய்த் தீயும் பெரிதாகும். உள்ளேயே ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மூடியிருக்கும் கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் திறக்காதீர்கள். புகை மேலே சேரும், தரையை ஒட்டித்தான் கொஞ்சம் நல்ல காற்று இருக்கும், அதனால் தவழ்ந்து போக வேண்டும். ஈரத்துணியை மூக்கில் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கரித்தூளைக் கொஞ்சம் தடுக்கும், விஷவாயுவைத் தடுக்காது. துணியை நனைக்க பாத்ரூமுக்குப் போகிற நேரத்தில் வெளியே போய்விடலாம்.

படிக்கட்டில் புகை என்றால்? கதவுக்குள்ளிருந்தே பார்வைத் துளை வழியாகப் பாருங்கள், கதவைக் கொஞ்சமாகத் திறந்து பாருங்கள். புகை இல்லை, படி தெளிவாக இருக்கிறது என்றால் உடனே இறங்கிவிடுங்கள், லிஃப்ட் பக்கமே போகாதீர்கள். 2024 டிசம்பர் 12 ராத்திரி திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையில் தீப்பிடித்தபோது 6 பேர் இறந்தார்கள், லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களைத்தான் வெளியே எடுத்தார்கள். கரண்ட் போனால் லிஃப்ட் நடுவில் நின்றுவிடும், புகை மட்டும் நிற்காமல் ஏறும்.

ஆனால் படிக்கட்டு முழுக்கக் கறுப்புப் புகை என்றால், மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கீழே எரியும்போது படிக்கட்டுக் கூடு அடுப்புக்கு மேலிருக்கும் புகைபோக்கி மாதிரி ஆகிவிடும், சூடும் விஷமும் அதன் வழியாகத்தான் மேலே போகும். முட்டி வலிக்காரரையும் 4 வயதுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அதற்குள் இறங்குவது தீயை நோக்கிப் போவதுதான். 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து, ஒரு தந்தையும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். 2024 ஜூன் 12 அதிகாலை குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர் குடியிருப்பில் பிடித்த தீயில் 45 இந்தியர்கள் இறந்தார்கள், அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அங்கே தீ தரைத்தளத்தில் தொடங்கியது, புகை படிக்கட்டு வழியாக ஏறியது, மேலே ஓடியவர்களுக்கு மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. உங்கள் அபார்ட்மென்டில் மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது? செயலாளரிடம் என்றால், அவர் ஊருக்குப் போயிருக்கும் நாளில்? காதல் ஜோடிகள் வருகிறார்கள், பையன்கள் சிகரெட் பிடிக்கிறார்கள் என்று சொல்லி மாடிக் கதவைப் பூட்டுகிற சங்கங்களை நிறையப் பார்த்துவிட்டேன். உள்ளிருந்து திறக்கிற தாழ்ப்பாள் போட்டால் போதும், பூட்டே வேண்டாம். அப்படிச் செய்தாலும் மேலே போவது இரண்டாவது வழிதான், மேல் படிக்கட்டில் புகை இல்லாமல் இருந்து, கதவு திறக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.

இரண்டு பக்கமும் போக முடியாதபோது வீட்டுக்குள்ளேயே தங்க வேண்டும், அதற்கு ஓர் அறையை இப்போதே தேர்ந்தெடுத்து வையுங்கள். வாசல் கதவிலிருந்து தூரமாக, தெருவைப் பார்த்த ஜன்னலோ பால்கனியோ இருக்கிற, நல்ல கதவு உள்ள அறை. திறக்கிற கிரிலும் அங்கேதான் இருக்க வேண்டும். வாசல் கதவைச் சாத்தி, இந்த அறைக் கதவையும் சாத்தி, கீழே இருக்கிற இடைவெளியில் போர்வையையோ துண்டையோ நனைத்து அடையுங்கள். தண்ணீர் பக்கத்தில் இல்லையென்றால் காய்ந்த துணியையே திணியுங்கள். 101-க்குப் போன் செய்து எந்த மாடி, எந்தப் பக்கம், எத்தனை பேர் என்று சொல்லுங்கள். ஜன்னலில் வெளிர் நிறத் துணியை ஆட்டுங்கள், ராத்திரி என்றால் போன் டார்ச்சை அடியுங்கள். ஜன்னலைத் திறந்தால் கீழிருந்து புகை உள்ளே வருகிறது என்றால் மூடிவிடுங்கள்.

உள்ளேயே இரு என்பது எப்போதும் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். லண்டனில் கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூன் 14 அன்று 72 பேர் இறந்ததற்கு, வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவுரையை நேரத்தோடு மாற்றாததும் ஒரு காரணம். அங்கே வெளிச்சுவரில் ஒட்டியிருந்த பலகைகளே எரிந்து தீ மாடி மாடியாக ஏறியது. நம்முடைய செங்கல், சிமென்ட் சுவர் அப்படி எரியாது. ஆனால் தீ உங்கள் அறைக்குள் வர ஆரம்பித்தால், அல்லது படிக்கட்டுப் புகை குறைந்து வழி தெரிந்தால், முடிவை மாற்றத்தான் வேண்டும். தீயணைப்புக்காரர் போனில் இருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள், கீழே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

பாத்ரூமுக்குள் போய் ஒளிவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தண்ணீர் இருக்கிற இடம் பத்திரம் என்று மனசு சொல்லும். உங்கள் பாத்ரூம் ஜன்னல் எவ்வளவு பெரிது? முக்கால் அடிக் கண்ணாடிப் பட்டைகள், அதுவும் காற்று மட்டும் வருகிற குழாய்ச் சந்தைப் பார்த்து. வெளியிலிருந்து யாருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள், அந்தச் சந்து வழியாகவே புகையும் வரும். வேண்டாம்.

யார் யாரைக் கூட்டிப் போவது என்பதைப் பெயர் சொல்லிப் பிரியுங்கள். "எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொள்வோம்" என்றால் கடைசியில் சின்னவளை அப்பா கூட்டிவந்துவிட்டார் என்று அம்மாவும், அம்மா கூட்டிவந்துவிட்டாள் என்று அப்பாவும் நினைத்துக்கொண்டு கீழே நிற்பீர்கள். 4 வயதுக் குழந்தையை நீங்கள் தூக்குங்கள், 9 வயதுப் பிள்ளை உங்கள் உடையைப் பிடித்துக்கொண்டு கூடவே வரட்டும், மாமியார் கணவர் பொறுப்பு. மாமியாரின் அறை இப்போது எது? கடைசியில் இருக்கிற அமைதியான அறையை அவருக்குக் கொடுத்திருப்பீர்கள், வாசலுக்குப் பக்கத்து அறைக்கு மாற்ற முடியுமா பாருங்கள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கைத்தடி, கண்ணாடி, டார்ச், ஒரு விசில். நடக்கவே முடியாமல் போனால் கெட்டியான போர்வையில் உட்காரவைத்துத் தரையோடு இழுத்து வாசல் வரை கொண்டுவரலாம். படியில் இறக்க, கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்க வேண்டும், அதற்கு எதிர்வீட்டுக்காரர் வேண்டும். அவரிடம் இன்றே பேசிவையுங்கள், தவறாக நினைக்கமாட்டார், அவருக்கும் ஒரு நாள் நீங்கள் தேவைப்படலாம்.

கணவர் நைட் ஷிஃப்டிலோ ஊரிலோ இருக்கும் நாளுக்கு என்ன? இதை யாரும் பேச விரும்புவதில்லை, ஆனால் பேசத்தான் வேண்டும். எதிர்வீட்டில் யாரும் இல்லை, நீங்கள் ஒருத்திதான் என்றால், தீ எங்கே என்று பார்த்து, மாமியாரைத் தீயிலிருந்து தூரமாக, ஜன்னல் உள்ள அறையில் உட்காரவைத்துக் கதவை இறுகச் சாத்திவிட்டு, பிள்ளைகளைக் கீழே கொண்டுபோய், வருகிற முதல் ஆளிடம் "மூன்றாவது மாடி, தெருப்பக்க அறை, வயதானவர்" என்று சொல்ல வேண்டியிருக்கும். மாமியாரோடு உட்கார்ந்து இதை முன்பே பேசிவிடுங்கள். இல்லையென்றால் அந்த நேரத்தில் அவர் "என்னை விட்டுட்டுப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போ" என்பார், நீங்கள் மாட்டேன் என்பீர்கள், இருக்கிற இரண்டு நிமிடமும் அந்த வாசற்படியிலேயே போய்விடும்.

பெட்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். சோதனைகளில் கதவு மூடிய அறைக்கும் திறந்த அறைக்கும் சூட்டிலும் புகையிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் கதவைச் சாத்தினால் சத்தம் கேட்காது, அதனால் புகை வந்தால் கத்துகிற அலாரம் வேண்டும். பேட்டரியில் ஓடும் தனி அலாரங்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன, ஒளிமின் உணரி (photoelectric) உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள், தாளிக்கிற புகைக்கு அது கொஞ்சம் குறைவாகக் கத்தும். ஒவ்வொரு பெட்ரூமிலும் ஒன்று, ஹாலில் ஒன்று, சீலிங்கில், ஃபேன் காற்று நேராக அடிக்காத இடத்தில். சமையலறைக்குள் வேண்டாம், மிளகாய் வறுக்கிற அன்றைக்கே கழற்றி எறிந்துவிடுவீர்கள். அங்கே வெப்பத்துக்கு மட்டும் அடிக்கிற அலாரம் வையுங்கள். மாதம் ஒருமுறை பட்டனை அழுத்திச் சோதியுங்கள், 10 வருடத்தில் கருவியையே மாற்றிவிடுங்கள். ஒரு விஷயம், சின்னக் குழந்தைகள் அலாரச் சத்தத்துக்கும் எழாமல் தூங்குவார்கள். அது உங்களை எழுப்பத்தான், அவர்களை நீங்கள்தான் எழுப்ப வேண்டும்.

சமையலறை பற்றி நிறைய எழுதலாம், இங்கே தப்பிப்பதற்கு வேண்டியதை மட்டும். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது, குபீரென்று கூரை வரை எழும்பும். அடுப்பை அணைத்து, பெரிய தட்டாலோ மூடியாலோ மூடி, ஆறும்வரை திறக்காமல் விட்டுவிடுங்கள். கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், இரண்டிலும் பொறி வரும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு பரவித் தாழ்ந்த இடத்தில் தேங்கும், எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு வெளியேற்றலாம் என்று நினைப்பதுதான் பல வீடுகளில் வெடிக்கவைக்கிறது. தீயணைப்பான் வாங்கினால் ஏபிசி பவுடர் வகை, ஐஎஸ்ஐ முத்திரையோடு. அதை வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில் மாட்டுங்கள், அடுப்புக்கு மேலே இல்லை. தீ ஒரு குப்பைக்கூடை அளவுக்குள் இருந்து, உங்கள் முதுகுக்குப் பின்னால் வாசல் இருந்தால் மட்டும் அடியுங்கள். சிறிய தீயணைப்பான் சில நொடிகளில் தீர்ந்துவிடும், அதற்குள் அணையவில்லை என்றால் போட்டுவிட்டு ஓடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் எல்லோரும் மறப்பது இன்வெர்ட்டர். மெயினை அணைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள், ஆனால் இன்வெர்ட்டர் உடனே வேலையைத் தொடங்கிப் பாதி வீட்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் அடிக்க வருகிற தீயணைப்புக்காரருக்கு அது ஆபத்து. வந்தவரிடம் "இன்வெர்ட்டர் இருக்கிறது, இந்த இடத்தில்" என்று முதலில் சொல்லுங்கள். மெயினை அணைப்பதும் போகிற வழியில் கைக்கு எட்டினால்தான், அதற்காகத் திரும்பிப் போகக்கூடாது.

திரும்பிப் போவது என்றதும் நகை நினைவுக்கு வந்திருக்கும். வெளியே வந்துவிட்ட பிறகு பீரோவுக்காக உள்ளே போவது நம்ம வீடுகளில் நிஜமாகவே பெரிய ஆபத்து, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தது அங்கேதானே இருக்கிறது. பெரிய நகைகள் லாக்கரில் இருக்கட்டும். பத்திரம், பாஸ்போர்ட், சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டிஜிலாக்கரிலோ மெயிலிலோ போட்டுவையுங்கள், பத்திர நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் மறுபடி வாங்கலாம். உள்ளே பொருள் எதுவும் இல்லை என்ற தைரியம் இருந்தால்தான் கால் திரும்பாது.

வெளியே எங்கே கூடுவது? கட்டட கேட்டுக்குள் வேண்டாம், மேலிருந்து கண்ணாடி விழும், தீயணைப்பு வண்டிக்கும் இடைஞ்சல். எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை, ஒரு வேப்பமரம், ஏதாவது ஒன்று, அதுவே எப்போதும். அங்கே தலையை எண்ணுங்கள். ஒருவர் தெருமுனைக்குப் போய் நின்று வண்டிக்கு வழி காட்ட வேண்டும், நம்ம தெருக்களில் இரண்டு பக்கமும் கார் நிற்கும், வண்டி எந்தப் பக்கம் நுழையலாம் என்று உள்ளூர்க்காரர்தான் சொல்ல முடியும். 101 கிடைக்கவில்லை என்றால் 112. முதலில் முகவரி, பக்கத்து அடையாளம், எத்தனையாவது மாடி, உள்ளே யாராவது இருக்கிறார்களா, பிறகு மற்றதெல்லாம். தீக்காயம் பட்டவருக்குக் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள், பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் பூச வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் வீட்டோடு முடியாத சில விஷயங்களைச் சங்கத்தில் பேசித்தான் ஆக வேண்டும். படிக்கட்டில் செருப்பு அலமாரி, பழைய சைக்கிள், அட்டைப்பெட்டி எதுவும் இருக்கக்கூடாது. மீட்டர் பெட்டிக்கு முன்னால் பைக் நிறுத்தக்கூடாது. மின்சார ஸ்கூட்டரைப் படிக்கட்டுக்குக் கீழேயோ, உங்கள் வாசலிலோ சார்ஜ் போடக்கூடாது, திறந்த வெளியில், முழித்திருக்கும் நேரத்தில் போட வேண்டும். கழற்றுகிற பேட்டரியை மேலே கொண்டுவந்து ஹாலில் சார்ஜ் போடுவதும் அதே கதைதான், தப்பிக்கிற வழியிலேயே தீயை வைப்பது. தமிழ்நாட்டு விதிகளில் 18.30 மீட்டருக்கு மேல் உயரம் இருந்தால்தான் உயர்மாடிக் கட்டடம் என்று கணக்கு, உங்கள் கட்டடம் அதற்குள்தான் வரும். அதனால் பெரிய கட்டடங்களுக்கு இருக்கிற கெடுபிடி உங்களுக்கு இருக்காது, யாரும் வந்து கேட்கவும் மாட்டார்கள். கூட்டத்தில் இதைப் பேசினால் சிலர் முகம் சுளிப்பார்கள், செருப்பு அலமாரிக்குச் சண்டைக்கு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், விடாமல் பேசுங்கள்.

ஒத்திகையைப் பிள்ளைகளோடு விளையாட்டு மாதிரி செய்யலாம், ஆனால் இருட்டில் செய்யுங்கள். முதல் தடவை சொல்லிவிட்டு, இரண்டாம் தடவை சொல்லாமல். அலாரப் பட்டனை அழுத்தியதும் எல்லோரும் தவழ்ந்து வாசலுக்கு வந்து, ஆணியிலிருந்து சாவியை எடுத்து, கேட்டைத் திறந்து, வேப்பமரத்தடி வரை. இன்னொரு நாள் "படிக்கட்டில் புகை" என்று சொல்லிப் பால்கனி அறைக்குப் போய்க் கதவிடுக்கை அடைக்கிற பழக்கம். உடையில் தீப்பிடித்தால் ஓடாமல், படுத்து, முகத்தைக் கையால் மூடி உருள வேண்டும் என்று காட்டுங்கள், நைலான் உடையோடு ஓடினால் அது இன்னும் பற்றும். சின்னக் குழந்தைகள் பயந்தால் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குள்ளும் ஒளிந்துகொள்வார்கள், ஹெல்மெட்டும் முகமூடியும் போட்டு வருகிற தீயணைப்பு வீரரைப் பார்த்தால் இன்னும் உள்ளே போய்விடுவார்கள். பக்கத்து தீயணைப்பு நிலையத்தில் முன்கூட்டிக் கேட்டுவிட்டு ஒரு நாள் கூட்டிப் போங்கள், அந்த முகமூடியை உங்கள் நாலு வயசு அங்கேயே பார்த்துப் பழகிக்கொள்ளட்டும். 9 வயதுக்காரருக்கு முழு முகவரியும் அடையாளத்தோடு மனப்பாடமாகத் தெரிய வேண்டும், பூட்டியிருக்கும் போனிலிருந்தும் 112 அடிக்க முடியும் என்பதும் தெரிய வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை போதும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஒன்று, தீபாவளிக்கு முந்தின வாரம் ஒன்று, அந்த வாரம் பால்கனியில் காயப்போட்ட துணியையும் காலி அட்டைப்பெட்டிகளையும் உள்ளே எடுத்துவிடுங்கள், ராக்கெட்டுக்கு உங்கள் மாடி எது பக்கத்து மாடி எது என்று தெரியாது.